வெடிமருந்துப் பெட்டியில் தேன்

தேனீ என்றால் காலில் மஞ்சள் பொடியோடு கூட்டுக்குத் திரும்ப வேண்டும். கங்கம்மாவின் தேனீக்கள் சாம்பல் பொடியோடு வந்தன.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்க வயலில் எதன்மேல்தான் சாம்பல் படியவில்லை? மில்லில் கல்லை இடித்து மாவாக்கிக் கொட்டிய மேடுகள் சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகளைச் சுற்றி நின்றன. காற்றடித்தால் சோற்றில் மண், காயப்போட்ட சேலையில் மண், பிள்ளைகளின் கண் இமையில் மண். ஆனால் அது சித்திரை மாதம். பக்கத்து வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நின்ற புங்கமரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள ஈயெல்லாம் அதில்தான் மொய்த்தன. இவளுடைய ஈக்கள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பெட்டியின் துளையை விட்டு வெளியே வந்ததும் கயிறு பிடித்தது போல நேராகக் கிழக்கே பறந்தன. கிழக்கே பூ கிடையாது. ஷாஃப்ட் என்று சொல்லும் பழைய சுரங்கக் குழி ஒன்றுதான் இருந்தது, பலகை அடித்து மூடியது.

"வெக்கங்கெட்ட ஈ," என்று திட்டினாள். அந்த வருஷம் அவள் எல்லாவற்றையும் திட்டினாள்.

முந்தின ஐப்பசியில் ஒருநாள் வேலைக்குப் போன அவள் புருஷன் ராஜப்பா திரும்பி வரவில்லை. மறுநாள் காலை சௌந்தரராஜன் மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். ராஜப்பாவின் கும்பலைக் கீழே அனுப்பி மேலே ஏற்றுவது அவர் பொறுப்பு. ராஜப்பா மாரிகுப்பத்தில் ரயிலேறிப் போய்விட்டான், கூட ஒரு பொம்பளையும் இருந்தாள் என்று சொன்னார். சொல்லும்போது அவர் கண் கங்கம்மாவின் முகத்தில் இல்லை, கதவு நிலையில் இருந்தது. அந்த வாரமே பழைய ஷாஃப்டில் வேலை நின்றது. மண் சரிந்துவிட்டது, இனி அதில் தங்கம் இல்லை என்றார்கள். எத்தனையோ வருஷமாக ஆட்களை விழுங்கிய ஷாஃப்ட் அது. வாய்மேல் பலகை போட்டு ஆணி அடித்தார்கள்.

கங்கம்மா நம்பினாள். நம்பியதால்தான் அத்தனை கோபம். செத்தவனுக்குத் தலைமுழுகுவார்கள். உயிரோடு இருப்பவனுக்கு முழுகினால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று பொருள். அவள் ஏரிக்குப் போய் ஊர் பார்க்க மூன்று முக்கு முக்கினாள். ஈரத் தலையோடு லைன் முழுக்க நடந்து வந்தாள். தாலியைக் கழற்றவில்லை. அதைக் கழற்ற அவன் செத்திருக்க வேண்டும்.

அவளை மிகவும் அறுத்தது சாயங்கால நேரம்தான். சுரங்கத்தில் கூண்டில் ஆள் ஏறியதும் கீழிருந்து மணியை மூன்று தட்டு தட்டுவார்கள். மேலே இருப்பவன் அதே மூன்றைத் திருப்பித் தட்டினால்தான் கூண்டு அசையும். தட்டாவிட்டால் கீழே இருப்பவன் கீழேதான். லைன் பெண்கள் அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆம்பளை உயிரோடு வீடு வந்தால் மண்சுவரில் மூன்று தட்டு. அடுத்த வீட்டுக்காரி திருப்பித் தட்டிவிட்டு, அதற்கடுத்த சுவரிலும் தட்டுவாள். லைனின் மேற்குத் தலைப்பில் மேஸ்திரி வீடு. கிழக்குக் கடைசியில் கங்கம்மா வீடு. தினமும் அந்தச் சத்தம் ஒவ்வொரு சுவராகத் தாண்டி அவளை நோக்கி வரும். பக்கத்து வீட்டு மரியகுழந்தையின் சுவரோடு நின்றுவிடும். இரக்கத்தால்தான் மரியகுழந்தை தட்டவில்லை. அந்த இரக்கத்தை அடுப்பில் வைத்துக் கொளுத்தலாம் போலிருக்கும் கங்கம்மாவுக்கு.

தேனீ யோசனையும் மரியகுழந்தையுடையதுதான். அவள் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வார்ப்பவள். அவள் அப்பன் வீட்டில் கூரையடியில் பானை கட்டி ஈ வளர்த்திருக்கிறார்கள். மாசி மாதம் விறகு பொறுக்கப் போன கங்கம்மா, பழைய ஷாஃப்டின் வேலிக்கம்பத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஈக்கொத்து தொங்குவதைப் பார்த்து வந்து சொன்னபோது, அதைப் புடிச்சிக்கினு வா, மெழுகு எனக்கு, தேன் உனக்கு என்றாள். பானைக்குள் பழைய மெழுகையும் வெல்லத்தையும் தேய்க்கணும். வெயில் சாய்ந்த பிறகு பிடிக்கணும். மூச்சை ஈமேல் விடக்கூடாது. வியர்வை நாற்றத்தோடு கிட்டப் போகக்கூடாது. முக்கியமாகப் பொறுமை வேண்டும் என்றாள்.

கங்கம்மாவிடம் பொறுமை இல்லை. பெட்டி இருந்தது. சுரங்கத்தில் வெடிமருந்துக் குச்சிகள் அடைத்து வரும் பலகைப் பெட்டி. காலியானதை ராஜப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து துணி வைத்திருந்தான். அவன் துணிகளை எடுத்துச் சாக்கடையில் போட்டாள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பக்கத்தில் துளை போட்டாள். மூடிக்கடியில் மூங்கில் பட்டைகளை வரிசையாகக் கட்டினாள், அடை தொங்க. நாலு கால் கொடுத்து, எறும்பு ஏறாமல் கால்களைத் தண்ணீர் நிறைத்த கொட்டாங்கச்சிகளில் நிறுத்தினாள்.

"பானைல வையேன்மே," என்றாள் மரியகுழந்தை. "அந்த மருந்து வாசனைக்கு மனுசனுக்கே மண்டை இடிக்குது. ஈக்கு இடிக்காதா?"

"இடிக்கட்டும்க்கா. அந்தாளு வச்சிட்டுப் போனதுல இது ஒண்ணாவது எனக்கு ஆவட்டும்."

எதிர்வீட்டு வெங்கடம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "குளவி கூடு கட்டுனா புள்ள பொறக்கும்பாங்க," என்றாள் தெருவுக்கே கேட்கும்படி. "புருசன் இல்லாத வூட்ல தேனீ கட்டுது. இன்னா பொறக்குமோ." பெண்கள் சிரித்தார்கள். கங்கம்மா ஒரு வாளித் தண்ணீரை வெங்கடம்மாவின் கோலத்தின்மேல் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

பெட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்தாள், கிழக்குச் சுவரோரம், ஈ போய்வரச் சுவரில் ஓட்டை போட்டு. வேலையில்லாத மத்தியானங்களில் அதன்மேல் காதை வைத்துப் படுப்பாள். ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு முனகுவது போன்ற அந்தச் சத்தம், வெடிமருந்தின் திகட்டும் இனிப்பு வாசனை, பலகையின் மெல்லிய சூடு. யார் தோளிலோ தலை வைத்த மாதிரி இருந்தது. அப்படி நினைத்ததற்காகவும் தன்மேல் கோபப்பட்டாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கவனித்தாள். ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதினால் பெட்டி சட்டென்று அடங்கியது. கூண்டுகள் ஏறி முடியும்வரை ஒரு ஈ அசையாது. கேட்டுக்கொண்டிருப்பது போல. எல்லா வீட்டுச் சுவரும் தட்டி ஓய்ந்த பிறகு மறுபடி ஆரம்பிக்கும். முன்னைவிடத் தாழ்ந்த குரலில்.

வைகாசியில் ஒரு நல்ல வெயில்நாளில் வறட்டிப் புகை போட்டு மூடியைத் திறந்தாள். புது அடை வெள்ளையாக இருக்கும் என்று மரியகுழந்தை சொல்லியிருந்தாள். இது ஈயச் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒழுங்காகத் தொங்கவும் இல்லை. நடு அடை கிண்ணம் போல உள்வாங்கி வளைந்திருந்தது. ஈரக் களிமண்ணில் யாரோ முகத்தை அழுத்தி எடுத்தது போல, நெற்றிக்கு ஒரு குழி, மூக்குக்கு ஒரு குழி. கை பழகாதவள் கட்டிய பெட்டி, அடை கோணத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டாள். ஓரத்து அடையில் ஒரு துண்டு அறுத்தாள். கத்தி இழுபட்டது. உள்ளே மயிர். விரலில் சுற்றி இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. குடுமி வைத்த ஆம்பளைத் தலைமயிர் நீளத்துக்கு.

வெங்கடம்மா சுவர் ஓட்டை வழியாகத் திணித்தது என்று முடிவுகட்டி, தெருவில் நின்று அவள் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். வெங்கடம்மா வாசலுக்கு வந்தாள். "நீ வூட்ல இல்லாதப்ப அந்த ஓட்டையாண்ட போவ எனக்கு பயம் கங்கா," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேஸ்திரி இரண்டு நாள் கழித்து வந்தார். இருமல், மார்ச்சளி, கொஞ்சம் தேன் இருந்தால் கொடு என்றார். இன்னும் வெளிச்சம் இருந்த சாயங்காலம், சங்கு ஊதி, சுவர்த் தட்டுகளும் ஓய்ந்திருந்தன. கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு விரல் தொட்டு நக்கியவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தேனுக்கு இனிப்பு இருந்தது. அடியில் வெடிப்புகையும் துருப்பிடித்த இரும்பும் இருந்தன. கங்கம்மாவுக்கு அது பழகிவிட்டது.

"எங்க ஈம்மா இது?" என்றார்.

பெட்டியைக் காட்டினாள். அவர் பார்வை பெட்டியிலிருந்து சுவர் ஓட்டைக்கும், அதற்கப்பால் கிழக்குக்கும் போனது. பெட்டி முனகலை நிறுத்தியது.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம். இரும்பால் பலகையில் அடிப்பது போல. மூன்று.

லைனில் இருக்கிற யாருக்கும் அது மூளைக்குப் போகும் முன் கைக்குப் போய்விடும். கங்கம்மாவின் கை தானாக மூடியை நோக்கி எழுந்தது. மேஸ்திரி அதைப் பாய்ந்து பிடித்தார். அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"திருப்பித் தட்டாத."

"ஏன்?"

"தட்டாத. அன்னிக்கும் யாரும் தட்டல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. கையை விட்டார். இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனார்.

கங்கம்மா நின்றாள். ரயில் இல்லை. பொம்பளையும் இல்லை. மண் சரிந்த பிறகு அடியிலிருந்து மூன்று தட்டு வந்திருக்கிறது. மறுபடி மூன்று. எத்தனை மணி நேரமோ. மேலே நின்றவர்கள் கேட்டுக்கொண்டே கையை அக்குளில் இடுக்கி நின்றிருக்கிறார்கள். அப்புறம் பலகை. அப்புறம் ஆணி. அவன் தட்டிக்கொண்டிருந்தபோது இவள் ஏரியில் தலைமுழுகிக்கொண்டிருந்தாள். ஆறேழு மாதமாக அவள் சேர்த்து வைத்திருந்த கோபம் இடம் மாறியது. இடம் மாறியபோது குறையவில்லை. ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தாள். ஓடிப்போனவனை ஊர் பார்க்கட்டும். அந்த மேஸ்திரி பார்க்கட்டும்.

பெட்டி மறுபடி தட்டியது.

கங்கம்மா முஷ்டியை மடக்கி மூடியில் மூன்று முறை அடித்தாள்.

ஈக்கள் ஒரே மூச்சாக வெளியேறின. ஓட்டை வழியே கறுப்புக் கயிறு போல, கிழக்கே. பெட்டி காலி. வீடு முழுக்க அமைதி. மில் சத்தம்கூடத் தூரமாகிவிட்டது.

பிறகு கிழக்கே பலகை முறியும் சத்தம். ஆணி ஒன்று கல்லில் விழுந்தது. கயிறு சுற்றும் சத்தம். அந்த ஷாஃப்டில் கயிறு கிடையாது. சக்கரத்தையும் அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். ஆனாலும் சுற்றியது. நின்றது.

நடை. மெதுவாக. ஒரு காலை இழுத்து.

 வாசனைதான் முதலில் வந்தது. திகட்டும் இனிப்பு. மண்டை இடித்தது. வாசல் இருண்டது.

அவன் உயரம். அவன் தோள் அகலம். உடம்பு முழுக்க ஈ. தோல் இருக்க வேண்டிய இடமெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தது. ஈக்கள் ஒதுங்கிய இடங்களில் ஒன்றும் இல்லை, பின்னால் இருந்த தெரு தெரிந்தது. அது அவளைத் தாண்டிப் பெட்டியண்டை போனது. குனிந்தது. நடு அடையை இரண்டு கையாலும் பிய்த்து எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டது. பொருந்தியது. அவளைப் பார்த்துத் திரும்பியது. கண் இருக்க வேண்டிய அறைகளில் மெழுகு மூடிக்கடியில் ஏதோ புரண்டது.

"நான் முழுகிட்டேன்யா," என்றாள் கங்கம்மா. "உனக்கு நான் முழுகிட்டேன்."

அது கையை உயர்த்தியது. மேற்குச் சுவரில், மரியகுழந்தையின் சுவரில், மூன்று முறை தட்டியது.

வேண்டாம் என்று கத்த நினைத்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்பட்டது. மரியகுழந்தை சந்தோஷமாக, அவசரமாக, திருப்பித் தட்டினாள். அடுத்த சுவரிலும் தட்டினாள். அதற்கடுத்த வீடும். அதற்கடுத்த வீடும். லைன் முழுக்க, பெண்கள் அடுப்படியில் இருந்தபடியே, ஆள் வந்தாச்சு, ஆள் வந்தாச்சு. கடைசியாக மேற்கே மேஸ்திரி வீட்டிலிருந்து அவர் பெண்சாதி ஜெயம்மாவின் வளையல் சத்தத்தோடு மூன்று தட்டு.

ஒவ்வொரு தட்டுக்கும் கிழக்கே கயிறு சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

தெருவில் காலை இழுத்து இழுத்து நிறையப் பேர் நடந்து வந்தார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒருவராகப் பிரிந்தார்கள்.