பதினேழாம் நம்பர் மேகசின்

சனிக்கிழமை மதியம், வழக்கமான முட்டிவலியோடு ஏட்டு விருமாண்டி ஆயுதக் கிடங்கைத் திறந்து உள்ளே போனார். துப்பாக்கி எண்ணெய் வாசம் வந்தது. கூடவே கிராம்பு வாசமும் வந்தது. மூன்று வருடமாக அது அவரை விடவில்லை. பயந்து பயந்தே மனுஷன் ஓய்ந்து போயிருந்தார்.

துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் கூடான மேகசினின் அடித்தகட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை உருவி, துடைத்து, புதுசோடு வைத்து நீளம் பார்ப்பதுதான் அவர் வேலை. குட்டையாகிவிட்டால் தோட்டாவை மேலே தள்ளத் தெம்பில்லை என்று அர்த்தம், கழித்துவிட வேண்டும். ஆனால் புதுசு கேட்டு எழுதினால் வந்து சேர ஆறு மாதம் ஆகும். அதனால் குட்டையானதைக் கையாலேயே இழுத்து நீட்டி மாட்டிவிடுவார். அளவு சரியாக இருக்கும். ஆனால் தெம்பு இருக்காது, நாலு நாளில் மறுபடி தொய்ந்துவிடும்.

மூன்று வருடம் முன்பு, அப்படி நீட்டி மாட்டிய பதினேழாம் நம்பரைத்தான் காவலர் அழகுபாண்டி, பல்வலிக்குக் கிராம்பைக் கடித்துக்கொண்டே வாங்கிப் போனான். திருவாதவூர் ரோட்டில் ரவுடிகள் அவனை வழிமறித்தார்கள். முதல் குண்டு வெடித்தது.

இரண்டாவது ஏறவில்லை.

அவன் செத்த விசாரணையில் ஸ்பிரிங் நீளம் சரி என்று எழுதினார்கள். விருமாண்டி வாயே திறக்கவில்லை. அந்த மேகசினும் கிடங்குக்கே திரும்பி வந்தது. இப்போது அவர் ஓய்வு பெற நாலு மாதம் இருக்கிறது.

"ஏட்டய்யா, காளவாசல் டூட்டிக்கு வண்டி வந்துருச்சு. ஒரு மேகசின் குறையுது" என்றாள் வாசலில் நின்ற காவலர் நாகஜோதி.

"இரு தாயி, தாரேன்."

மிச்சமிருந்தது பதினேழு மட்டும்தான். ஸ்பிரிங் குட்டையாகக் கிடந்தது. இந்த ஒரு தடவை மட்டும் என்று இழுத்து நீட்டினார்.

கையை விட்டதும் சுருங்கியது.

மறுபடி இழுத்தார். மறுபடியும் சுருங்கியது.

காதோரம் கிராம்பு மூச்சு.

"ஏற மாட்டேங்குதுண்ணே."

விருமாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியும்டா. என் தப்புதான்."

"யாருட்ட பேசுறீக?" நாகஜோதியின் குரல் இறங்கியிருந்தது.

"இது வேணாம் தாயி. ஒண்ணு குறைச்சலாவே போ. நான் எழுதித் தாரேன்."

கழிவுப் பதிவேட்டை விரித்து, பதினேழு என்று எழுதினார். கீழே, 'அழகுபாண்டி கொண்டுபோனபோதும் இந்த ஸ்பிரிங்கை இழுத்து மாட்டியது நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை போகும், பென்ஷனும் போகும். போகட்டும். நாகஜோதி அதைப் படித்தாள். வண்டியேறிப் போனாள்.

ஸ்பிரிங்கை இரண்டாக வெட்டினார். வெறும் கூட்டைக் கழிவு டின்னில் போட்டுவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்.

டக்.

சத்தம் டின்னுக்குள்ளிருந்து வந்தது. எட்டிப் பார்த்தார். ஸ்பிரிங்கே இல்லாத அந்தக் கூட்டின் வாயில் ஒரு தோட்டா நின்றது. அதை எடுத்தார்.

அடுத்தது ஏறி வந்து நின்றது.