நன்றிக்கு இன்னொரு சொல்

கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்ட நேரம் பார்த்துத்தானா அவன் வரவேண்டும்? குனிந்து உள்ளே நுழைந்தவன் தலையை ஓர் உதறு உதறினான். சுஹைரா பின்னேரம் முழுக்க இருந்து ரைப் செய்து அடுக்கிவைத்திருந்த மொழிபெயர்ப்புகளின் மேல் மழைத்தண்ணீர் சடசடவென்று தெறித்தது. ஆறு பக்கம். ஆறையும் இனித் திரும்ப அச்செடுக்க வேண்டும்.

"கண் தெரியல்லையா உங்களுக்கு?"

"மழையில என்ன தெரியும்..." என்று தொடங்கியவன், தாள்களைப் பார்த்ததும் பதறிப்போய்த் தன் சட்டை நுனியால் ஒற்றியெடுக்கப் பார்த்தான். சட்டையோ தாளைவிட ஈரம். இருந்த எழுத்தும் கரைந்தது. திட்டுவதற்காக நிமிர்ந்த சுஹைரா அவன் கண்களைப் பார்த்துவிட்டாள். பெரிய கண்கள்... செய்த குற்றத்தை அப்படியே ஒப்புக்கொள்ளும் கண்கள். திட்டு பாதியில் நின்றுபோனது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

திருகோணமலை உள்துறைமுக வீதியில் றஊப் நானாவின் போட்டோ கொப்பிக் கடையில் அவளுக்கு ஐந்து வருட வேலை. கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, வருகிறவர்களின் மனுக்கள், விண்ணப்பங்கள், தமிழில் சொன்னால் ஆங்கிலத்தில் கடிதம்... எல்லாம் அவள் கைவேலை. வந்தவன் பெயர் முனீப், ஊர் கிண்ணியா. வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகு ஓட்டுகிறவன். மாரி மழை தொடங்கினால் கடல் பொல்லாதது, படகு கரையேறிவிடும். மற்றவர்களின் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டு காலம் தள்ளுவான்.

அவனுக்கு ஒரு கடிதம் வேண்டும். அவன் உம்மா, ஆமினா உம்மா, மூன்று வருடமாக இதய நோயாளி. கிணற்றடிக்குப் போய் வருவதற்கிடையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். கண்டியில், நோர்வேயிலிருந்து வந்த ஒரு பெண் டொக்டர் காசு வாங்காமல் ஒபரேசன் செய்து பிழைக்க வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் ஊர் திரும்புகிறாராம். அதற்குள் உம்மா கையெழுத்து வைத்த ஒரு கடிதத்தை அவர் கையிலேயே கொடுக்கவேண்டும்.

இதற்கு என்ன இருக்கிறது என்று சுஹைரா ஐந்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்தாள். முனீப் கடிதத்தைப் பார்த்தான். 'தேங்க் யூ' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தான்.

"இது பஸ்ஸில இடம் விட்டாலும் சொல்ற சொல்லுதானே? எண்ட உம்மாவைத் திருப்பித் தந்தவவுக்கும் இதுதானா?"

சுஹைராவுக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறாள், ஒருவரும் ஒரு சொல்லுக்காக நின்றதில்லை. நாளைக்கு வாருங்கள், வேறு சொல் பார்த்து வைக்கிறேன் என்று அனுப்பினாள்.

மறுநாள் வந்தான். 'கிரேட்ஃபுல்' என்று போட்டிருந்தாள். நல்ல சொல்தான், நன்றி நிறைந்த மனம் என்று அர்த்தம். ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதும் மனுவின் வாலிலும் அதே சொல்தான் தொங்கும் என்பதை, மறைக்க மனமில்லாமல், அவளே சொல்லிவிட்டாள். அப்படியென்றால் வேண்டாம் என்றான். அடுத்த நாள் 'ஒப்ளைஜ்ட்.' கட்டுப்பட்டிருக்கிறோம் என்று பொருள். அந்த டொக்டர் கட்டிப்போடவில்லை, கட்டை அவிழ்த்துவிட்டவர் என்றான் அவன். 'அப்ரிசியேட்'டுக்கு அருமையை உணர்வது என்று விளக்கம் சொன்னாள். பவுண் விலை ஏறுவதற்கும் அதே சொல்லைத்தான் போடுவார்கள் என்றதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 'இன்டெட்டட்' என்றால் கடன்பட்டவன். கடன் என்றால் ஒருநாள் அடைத்து முடித்துவிடலாம், இது அடைபடாது என்றான்.

வெள்ளைக்காரரோடு படகில் கதைக்கும் நாலு சொல்லுக்கு மேல் இவனுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் சொல்லைக் கையில் வாங்கிப் பாரம் பார்க்கத் தெரிந்திருக்கிறது... சுஹைரா அதைப் பற்றி யோசித்துக்கொண்டே ஒரு விண்ணப்பத்தில் ஆளின் பெயரை மாற்றி அடித்துவிட்டாள்.

ஒரு கிழமையில், ஏழே நாளில், அகராதி வற்றிவிட்டது. 'தேங்க்ஃபுல்' என்று ஒன்று மிச்சமிருந்தது. ஆபத்து விலகியபின் வருகிற ஆறுதல் பெருமூச்சு அதற்குள் இருக்கிறது என்று அவள் சொன்னபோது, அது சரிவரும்போல இருக்கிறது என்று முனீப் தலையாட்டினான். அத்தோடு கடிதம் முடிந்திருக்க வேண்டும். முடித்துக் கொடுத்தால் நாளைக்கு வரமாட்டான். அந்த எண்ணம் வந்ததும் அவள் வாய் தானாகவே பேசியது.

"இன்னும் ஒரு சொல் இருக்கு... இதைவிட நல்லது. நாளைக்கு வாங்களன்."

அப்படி ஒரு சொல் இருக்கவில்லை. மறுநாளும் இருக்கவில்லை. அதற்கடுத்த நாள், கடிதத்தில் உம்மாவைப் பற்றி இன்னும் எழுதவேண்டும் என்று கேட்கத் தொடங்கினாள். இப்போது கிணற்றடிக்குப் போகிறாரா? போகிறார். கறி காய்ச்சுகிறாரா? காய்ச்சுகிறார், அவனைக் குசினிக்குள் விடுவதே இல்லை. இரவில் படுத்துத் தூங்குகிறாரா? முன்பு கதிரையில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார்... அதைச் சொல்லும்போது முனீப்பின் குரல் உடைந்தது. சுஹைரா முகத்தைக் கொம்பியூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடிதம் இரண்டு பக்கமாக வளர்ந்தது. றஊப் நானா இருமிப் பார்த்தார், ஒருவரும் திரும்பவில்லை.

ஆசை ஒரு பக்கம். ஊர் வழக்கம் மறு பக்கம். அவர்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும். வாப்பா மௌத்தாகிப் பத்து வருடம். வீட்டில் உம்மாவும் அவளும் தங்கையும்தான், கேட்டுப்போக ஓர் ஆண்பிள்ளை இல்லை. யாருடைய வாசலிலும் போய்ப் பிள்ளைக்காகக் கெஞ்சி நிற்க ஏலாது என்று உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே சுஹைராவுக்கு மிஞ்சியது இந்தக் கடிதம் ஒன்றுதான். அது முடியாதவரைக்கும் அவன் வருவான்.

மூன்றாம் கிழமை, ஒரு புதன்கிழமை மத்தியானம். சோறு சாப்பிட்டபடி போனைத் தட்டிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. நோர்வேயிலிருந்து டொக்டரோடு வந்த வைத்தியக் குழுவின் முகநூல் பக்கத்தில் புதுப் படம். விமான நிலையத்தில் பூமாலைகளோடு எல்லோரும் நிற்கிறார்கள். நடுவில் அந்த டொக்டர். வேலை நேரத்தோடு முடிந்ததால் பத்து நாள் முந்தியே புறப்பட்டுவிட்டார்களாம். படம் நேற்றையது.

சுஹைரா சோற்றை மூடி வைத்தாள். முடிந்த கடிதத்தை இரண்டு கிழமை மேசைக்குள் வைத்திருந்தது அவள். ஒரு தாயின் நன்றியைத் தன் ஆசைக்காகத் தடுத்து வைத்தது அவள். மெயிலில் அனுப்பிவிட்டு, டொக்டர் போனது எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அவன் நம்புவான், அவன் கண்கள் அப்படிப்பட்டவை. அதனால்தான் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

பின்னேரம் முனீப் வந்தான். அன்றும் மழை. உள்ளே வருமுன் வாசலிலேயே நின்று தலையைத் துடைத்துக்கொள்ள இப்போது பழகியிருந்தான். சுஹைரா எழுந்து நின்றாள்.

"டொக்டர் நேத்தே போயிட்டா. கடிதம் ரெண்டு கிழமைக்கு முந்தியே முடிஞ்சிட்டு. வேற சொல் ஒண்டும் இருக்கல்ல... நான்தான் இருக்கு எண்டு சொன்னனான்."

"ஏன்?"

"முடிஞ்சா நீங்க வரமாட்டீங்கதானே."

சொல்லிவிட்டாள். காது இரண்டும் சுட்டது. இனி இந்தக் கடைப் பக்கமே வரமாட்டான், வந்தாலும் முகம் பார்க்கமாட்டான்... முனீப் மெதுவாகச் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்தான். கோபத்தைக் காணவில்லை. மழையில் அவள் தாள்களை நனைத்த அன்றைக்கு இருந்த அதே குற்றவாளி முகம்தான் இருந்தது.

பிறகு அவன் சொல்லத் தொடங்கினான். முதல் கிழமையே உம்மாவைக் கிளினிக்குக்காகக் கண்டிக்குக் கூட்டிப்போயிருக்கிறான். கடிதம் கையில் இல்லை. என்ன செய்வது என்று அவன் முழித்துக்கொண்டு நிற்க, உம்மா டொக்டரின் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாராம்.

"அவவுக்குத் தமிழ் தெரியாது, உம்மாக்கு இங்கிலீஸ் தெரியாது. ரெண்டு பேரும் அரை மணித்தியாலம் கதைச்சவங்க. அழுதவங்க, சிரிச்சவங்க. நான் சும்மா பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அப்ப கடிதம்?"

"அண்டைக்கே தேவையில்லாமப் போயிட்டு."

அப்படியென்றால் இரண்டு கிழமையாக இந்த மனிதன் எதற்குக் கிண்ணியாவிலிருந்து மழையில் பஸ் ஏறினான்? தன்னை வைத்து விளையாடினானா என்று ஒரு கணம் சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த கணமே அவள் இதழோரம் துடித்தது. அவள் மட்டும் என்ன யோக்கியமாம்? இரண்டு கள்ளர் ஒரு கடிதத்துக்குள் ஒளிந்திருந்திருக்கிறார்கள்...

"எனக்கும் அது முடியக்கூடாது எண்டு இருந்துச்சு, சுஹைரா" என்றான் முனீப். முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னான். "உம்மாட்ட எல்லாம் சொல்லிட்டன். பொம்பிள வீட்டாக்கள்தான் வரவேணும் எண்ட வழக்கம் இருக்கட்டும், அந்தப் பிள்ளையை நானே போய்க் கேக்கிறன் எண்டு சொல்றா. வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வரட்டா?"

சுஹைராவின் கண்கள் நிறைந்தன. தன் உம்மாவின் வைராக்கியத்துக்கு ஒரு பங்கமும் வராமல், வாசல் தேடி ஒரு தாய் வருகிறார். யா அல்லாஹ், யாருக்கு எப்படி நன்றி சொல்வது? இத்தனை கிழமை தேடிப் பொறுக்கிய சொற்களில் ஒன்றுகூட அவள் வாய்க்கு வரவில்லை. அப்போதுதான் வேறொரு நினைப்பு வந்தது.

"நாங்க இருக்கிறது புடவைக்கடைக்கு மேல, ரெண்டாம் மாடி. இருபத்தெட்டுப் படி... உங்கட உம்மாக்கு ஏற ஏலுமா?"

முனீப் அவளைப் பார்த்தான். கண்ணில் தளும்பியதைத் துடைக்காமலே சிரித்தான்.

"இப்ப ஏலும்" என்றான்.