அலாரத்தை அணைக்கச் சொன்னவர்

காலை வெயில் வராந்தாவில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனோம். நான் அங்கேயே நர்ஸ் என்பதால் ஓரமாக நிற்க விட்டார்கள். அக்காவுக்கு இரைப்பையில் புற்றுநோய். கட்டியை வெட்டியெடுத்த பிறகு, வயிற்றைத் திறந்தபடியே வைத்து, சூடாக்கிய கீமோ மருந்தை மெஷின் வழியாக உள்ளே சுழல விடுவார்கள். எங்காவது ஒளிந்திருக்கும் மிச்சம் மீதியும் செத்துப்போகும். ஆனால் சூடு அளவு மீறினால் குடல் வெந்துவிடும். அதற்குத்தான் மெஷினில் ஓர் அலாரம்.

பெரிய டாக்டருக்கு அலாரம் என்றாலே எரிச்சல். போன மாதம் டெய்லரம்மா ஒருத்திக்கு அது விடாமல் கத்தியபோது, "சும்மா கத்துது, அதை அமுக்கு" என்றார். அமுக்கினார்கள். அந்த அம்மா குடல் வெந்து துடிதுடித்துப் போய்ச் சேர்ந்தாள். "உடம்பு தாங்கலை" என்று அவள் புருஷனிடம் வாய் கூசாமல் சொன்னார் இந்த மனுஷன். அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இந்த வைத்தியம் தெரிந்தவர் எங்கள் ஊரில் அவர் ஒருத்தர்தான். என்ன செய்ய?

மருந்து சுழல ஆரம்பித்தது. டாக்டர் உறை போட்ட வலது கையை வயிற்றுக்குள் விட்டு மெதுவாகக் கலக்கினார்.

அலாரம் கத்தியது.

"அமுக்கு" என்றார்.

"சார், கொஞ்சம் நிறுத்திப் பாத்துடலாமே" என்றார் மெஷினை ஓட்டும் அண்ணன், பயந்து பயந்து.

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? அமுக்குய்யா."

வேலை போனால் போகட்டும் என்று ஓடிப்போய் மெஷினின் வயரையே பிடுங்கிவிட்டேன். திரை அணைந்தது.

அலாரம் மட்டும் நிற்கவில்லை.

அது அக்காவின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது.

இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்தால் வருமே, அந்தக் கருகல் வாடை அறை முழுக்கப் பரவியது.

"கை வர மாட்டேங்குது" என்று டாக்டர் கிசுகிசுத்தார். "உள்ள யாரோ புடிச்சிருக்காங்க."

மெஷின் அண்ணனும் உதவிக்கு நின்ற சின்ன டாக்டரும் சேர்ந்து அவரை இழுத்தார்கள். கை வெளியே வந்ததும் அலாரம் நின்றது. மணிக்கட்டுவரை வெந்து, தோல் உறையோடு உரிந்து தொங்கியது. அதற்கு மேலே ஐந்து விரல்கள் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

அக்காவின் குடலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. சின்ன டாக்டர்தான் தையல் போட்டு முடித்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன்.

அக்கா கண் விழித்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். டாக்டருக்கு நடந்ததைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சுவிடவில்லை.

"வலிக்குதாக்கா?" என்று கையைப் பிடித்தேன்.

என்னை யாரோ போலப் பார்த்தாள்.

"சிஸ்டர்" என்றாள், வார்டில் நோயாளிகள் எங்களைக் கூப்பிடுவதுபோல. அது அக்காவின் குரலே இல்லை. "டாக்டர் மறுபடி எப்ப வருவார்?"

"எதுக்குக்கா?"

"இன்னொரு கை இருக்குல்ல."