முத்திரை எண் பதினேழு

டெலிபோன் அலறியபோது காலை மணி பத்து பத்து.

செக்கிங் பிரிவின் தலைவி ரிசீவரை எடுத்தாள். அவள் முத்திரை விழாமல் அந்த ஃபாக்டரியிலிருந்து ஒரு துண்டு வயர்கூடக் கப்பல் ஏறாது.

காருக்குள் ஓடும் வயர்களை அளவாக வெட்டி, முனைகளில் கனெக்டர் மாட்டி, ஒரே கட்டாகக் கட்டி வெளிநாட்டுக் கார் கம்பெனிக்கு அனுப்புவதுதான் அங்கே தொழில். கட்டுக்குப் பெயர் ஹார்னஸ்.

எதிர்முனையில் அந்தக் கார் கம்பெனியின் அதிகாரி.

"உங்க ஹார்னஸ் போட்ட வண்டி, ஓடிக்கிட்டிருக்கும்போதே பத்திக்கிச்சு. டிரைவர் இறந்துட்டார்."



"எப்படி சார்..?"

"உள்ளே இருந்தது செம்பு இல்ல. செம்பு முலாம் பூசின மலிவு அலுமினியம். சீக்கிரம் சூடேறி உருகிடும். லேபிள்ல 'பாஸ்'னு உங்க முத்திரை. எண் பதினேழு. போட்டோ அனுப்பறேன். சாயங்காலத்துக்குள்ள எழுத்துல பதில் வேணும். அப்புறம் போலீஸ் பேசும்."

லைன் செத்தது.

அலுமினியம்..!

மூன்று மாதத்துக்கு முன் ஆயிரத்து இருநூறு கட்டுகளுக்குச் சிவப்பு அட்டை மாட்டி ஒதுக்கியவளே அவள்தான். கழிவு அறைக்கு ஓடினாள்.

அலமாரி காலி.

"என்ன தேடற?"

பின்னால் கணவன். அதே ஃபாக்டரியில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் மேனேஜர்.

"இங்க இருந்த சரக்கு எங்கங்க?"

"அப்பவே பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சே. ஏன், பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

சொன்னாள். அவன் கதவைச் சாத்திவிட்டு அவள் தோளில் கை வைத்தான்.

"பயப்படாதே. கவனக்குறைவா முத்திரை விழுந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்துடு. அதுக்கெல்லாம் தூக்குல போட மாட்டாங்க. வக்கீலை நான் பார்த்துக்கறேன்."

பதினோரு வருஷமாக அவன் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். தலையாட்டப் போனாள்.

செல்போன் சிணுங்கியது. போட்டோ.

கரி படிந்த லேபிள். பதினேழு. அதன் கீழே தேதி... மூன்று மாதத்துக்கு முந்தைய ஒன்பது.



ஒன்பதாம் தேதி முழுக்க அவள் இருந்தது ஆஸ்பத்திரியில். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அவள் அடையாள அட்டையைத் தேய்த்தால்தான் முத்திரை மெஷின் வேலை செய்யும். அந்த அட்டையை, 'லீவு பதிஞ்சுட்டுத் தர்றேன்' என்று காலையில் வாங்கிப் போனவன்...

"ஒன்பதாம் தேதி என் கார்டு யார்கிட்ட இருந்ததுங்க?"

அவன் பார்வை தரைக்குப் போனது.

"அன்னிக்குக் கப்பல் கிளம்பற நாள். சரக்கு போகலைன்னா ஆர்டரே போயிடும்னாங்க. அனுப்பிட்டா அடுத்த ஜி.எம். நான்தான்னு முதலாளி சொன்னார்."

"அதுக்கு என் பேர்தான் கிடைச்சுதா?"

"நான் மாட்டினா பத்து வருஷம். நீ பொம்பளை... கோர்ட்ல இரக்கப்படுவாங்க. எல்லாம் நம்ம குடும்பத்துக்குத்தானே?"

"ஒருத்தர் செத்திருக்காருங்க."

"செத்தவரைத் திருப்பிக் கொண்டு வர முடியுமா?"

அந்தக் குரலில் இருந்த சாவகாசம்தான் அவளை அறுத்தது. இத்தனை நாள் ஒரே தட்டில் சாப்பிட்டவன்!

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பேப்பர் குடுங்க. அவங்க பாஷையிலயே எழுதறேன். அதான் எடுபடும்."

அந்தக் கார் கம்பெனியில், அவர்கள் நாட்டிலேயே ஒரு வருஷம் பயிற்சி எடுத்தவள். ஃபாக்டரியில் அந்த பாஷை தெரிந்த ஒரே ஆள்.

அவன் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் தமிழில் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மூன்று பக்கம். கையெழுத்துப் போட்டாள். அவனே கம்பெனி சீல் குத்தி, ஸ்கேன் செய்து, தன் மெயிலிலிருந்தே அனுப்பினான்.

இரண்டு மணி நேரம்.

அவன் செல்போன் ஒலித்தது. அதே அதிகாரி, இங்கிலீஷில் நிதானமாகப் பேசினார்.

"உங்க மனைவியோட கடிதம் வந்தது. கார்டை வாங்கி நீங்க முத்திரை போட்ட விவரம் தெளிவா இருக்கு. ஆஸ்பத்திரியிலயும் விசாரிச்சுட்டோம். உங்க ஊர் போலீஸ் கிளம்பியாச்சு. நீங்களே சீல் குத்தி அனுப்பினதுக்கு நன்றி."

போன் அவன் கையிலிருந்து நழுவியது.

"அடிப்பாவி... நான் சொன்னதை எழுதலையா நீ?"

அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி செக் பண்ணணும்னு பதினோரு வருஷமா தலைதலையா அடிச்சுக்கறேன். டெஸ்பாட்ச்காரங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க?"