கடைசியாக வந்த படம்

அம்மா வேலை பார்க்கும் விண்வெளி ஆய்வு அறையில் எதையும் தொட வாலுவுக்கு அனுமதி இல்லை. போன தடவை சுழல் நாற்காலியில் சுற்றி, அம்மாவின் குழுவுக்குத் தலைவரான தலைவர் மாமாவின் மேசையில் தேநீரைக் கவிழ்த்த புண்ணியம்! அதனால் இன்று கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மா கண்கொட்டாமல் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ தொலைவில் ஓர் இளம் நட்சத்திரம். அதைச் சுற்றித் தூசி வளையம். அந்தத் தூசி உருண்டு திரண்டுதான் கோள்கள் பிறக்கும். அங்கே ஒரு குட்டிக் கோள் பிறந்திருக்கிறதா என்று பார்க்க அம்மா வருடக்கணக்காகக் காத்திருந்தாள்.

விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கி, அந்தத் தூசியின் மெல்லிய சூட்டை வைத்துத்தான் படம் எடுக்கும். அதற்குத் தொலைநோக்கி சில்லென்று இருக்க வேண்டும். அதைக் குளிர வைக்கும் திரவ ஹீலியமோ தீரப்போகிறது. இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

படம் வந்தது. திரை முழுக்க வெளிச்சம்!

"கிடைச்சிருச்சு!" அம்மா துள்ளி எழுந்தாள். அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். வாலுவும் கைகளை விடுவித்துத் தட்டினாள்.

தலைவர் மாமா மட்டும் தட்டவில்லை. "பொறும்மா," என்றார் மெதுவாக. "ஹீலியம் தீர்ந்துடுச்சு. தொலைநோக்கி சூடாயிடுச்சு. இது அதோட சொந்தச் சூடு. நட்சத்திரம் இல்ல."

அம்மாவின் முகம் வாடிப்போனது. வாலு எட்டித் திரையைப் பார்த்தாள்.

"அப்போ அந்தக் குட்டிக் கோள்?"

"இருந்தாலும் இருக்கும், கண்ணு. நம்மால இனிமே பார்க்க முடியாது," என்றார் தலைவர் மாமா.

அம்மா தொப்பென்று உட்கார்ந்தாள். "இந்தப் படம் எதுக்கு? அழிச்சிடறேன்."

"வேணாம்மா!" வாலு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொலைநோக்கி இப்ப எப்படி இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? மேல போனப்புறம் யாரும் பார்த்ததே இல்லையே."

"அப்போ, இது அதோட சொந்தச் சூடுன்னா, இதுதானேம்மா அதோட படம்? அது நமக்காக எதையெல்லாமோ பார்த்துச்சு. அதை யாருமே பார்க்கல. பாவம்மா, இது ஒண்ணாவது இருக்கட்டும்."

தலைவர் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அம்மா படத்தை அழிக்கவில்லை. "என்ன பேர் போட்டு வைக்கட்டும்?"

வாலு கொஞ்சம் யோசித்தாள். "'இதுதான் நான்'னு போடும்மா."

அம்மா அதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழாதே என்று வாலு சொல்லவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துத் தானும் சேர்ந்து அழுதாள்.