கையில் எழுதிய நேரம்

போன் அலறியது.

"டாக்டர்! காலையில உங்க க்ளினிக்ல தொண்டையில சதை எடுத்துட்டுப் போனவர்... செத்துட்டார்!"

இன்ஸ்பெக்டர்தான்.

தொண்டை டாக்டர் ஏற்கெனவே களைத்திருந்தார். காலையிலிருந்து சோதனைக்குச் சதை கிள்ளும் பயாப்ஸி மட்டும் பதினொன்று. இடுப்பு கழன்று விழுவது மட்டும்தான் பாக்கி.

"எ... எப்படி?"

"ரொட்டி அடைச்சு மூச்சு நின்னுடுச்சு. நாளன்னைக்கு கோர்ட்ல சாட்சி சொல்ல வேண்டிய மனுஷன். நேர்லயே வர்றேன்!"

டாக்டர் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சதை கிள்ளும் முன் தொண்டையை மரத்துப்போகச் செய்வார்கள். இரண்டு மணி நேரத்துக்குத் தண்ணீர்கூடக் கூடாது. புரையேறினால் ஆள் காலி! வாயால் சொன்னால் மறந்துவிடுகிறார்கள் என்று, எப்போது சாப்பிடலாம் என்ற நேரத்தைப் புறங்கையிலேயே மார்க்கரால் எழுதி அனுப்புவது டாக்டரின் வழக்கம். வெளியே காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே செத்தவரின் தம்பி. காலையில் அண்ணனை அழைத்து வந்தவன். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"இதைப் பாருங்க."

போட்டோவில் செத்தவரின் புறங்கை. கறுப்பு மையில்... 11.30!

"பதினோரு மணிக்கு சதை எடுத்திருக்கீங்க. ஒரு மணின்னுல்ல எழுதியிருக்கணும்?"

"என் கண்ணு முன்னாலதான் சார் எழுதினார்!" தம்பி விம்மினான். "அதை நம்பித்தான் அண்ணனுக்கு ரொட்டி குடுத்தேன். பாவி டாக்டர் கொன்னுட்டாரே!"

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த கேஸ் ஷீட்டைத் தட்டினார்.

"'நேரம் கையில் எழுதப்பட்டது'ன்னு இருக்கு. கீழே உங்க கையெழுத்து!"

டாக்டர் கண்களை மூடினார். முன்னே போனால் முட்டுகிறது, பின்னே போனால் உதைக்கிறது. வாயை மூடிக்கொண்டால் கொலைப் பழி. உண்மையைச் சொன்னால் முப்பது வருஷத் தொழிலுக்கே உலை.

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"சார்... நான் எழுதவே இல்ல."

"என்னது?"

"அலுப்பு சார். மார்க்கர் வேற எழுதல. வாயால சொன்னா போதும்னு, ஒரு மணிக்கு அப்புறம்தான் எதுவும் குடுக்கணும்னு இவர்கிட்ட சொன்னேன். எழுதினதா கையெழுத்துப் போட்டுட்டேன். தப்புதான். என்ன தண்டனைன்னாலும் குடுங்க."

வாசலில் நின்ற நர்ஸ் வாயைத் திறந்தாள்.

"மார்க்கர் பத்தரைக்கே காஞ்சுபோச்சு சார். நான்தான் குப்பையில போட்டேன். புதுசு இப்பதான் வந்துச்சு, கவர்கூடப் பிரிக்கல. பத்தரைக்கு மேல வந்தவங்க யார் கையிலயும் எழுதல!"



இன்ஸ்பெக்டர் மெல்லத் தம்பி பக்கம் திரும்பினார்.

"உன் கண்ணு முன்னாலதானே எழுதினார் தம்பி? எந்தக் கண்ணு?"

"சார்... அது வந்து..."

"நீ கார் ஏத்திக் கொன்ன கேஸ்ல உங்கண்ணன்தானே சாட்சி? அந்த வாயை ரொட்டி வெச்சு அடைச்சுட்டு, அவர் கையில நீயே நேரத்தை எழுதி, பழியை டாக்டர் தலையில கட்டிட்டே!"

தம்பிக்கு நா உலர்ந்தது.

"கொ... கொஞ்சம் தண்ணி..."

டாக்டர் அலுப்போடு எழுந்தார்.

"ரெண்டு மணி நேரம் ஆகட்டும். இந்தத் தடவை நேரத்தை இன்ஸ்பெக்டர் எழுதிக் குடுப்பார்!"