சொல்லி ஆடிய ஆட்டம்

ஒசுர்கேத்தி ஊரின் செஸ் மன்றத்தில் இருந்த பலகைகள் அன்று போதவில்லை. பக்கத்து வீடுகளுக்கு ஓடிப்போய் இன்னும் சில பலகைகளை வாங்கி வந்தார்கள். அதில் ஒன்றில் கறுப்பு ராணியைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு புட்டி மூடியை வைத்தார்கள்.

எல்லாம் லாமாரா கலந்தாத்சே வருகிறார் என்பதற்காகத்தான்.

லாமாரா ஆடாத நாடு இல்லை. அவர் ஜெயித்த கோப்பைகளை வைக்க ஒரு தனி அறையே வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அவர் இந்தச் சின்ன ஊருக்கு வந்து, ஒரே நேரத்தில் இருபத்தைந்து பேரோடு ஆடப் போகிறார். வரிசையாகப் பலகைகள் இருக்கும். ஒவ்வொரு பலகையின் முன்னும் வந்து நிற்பார், ஒரு காயை நகர்த்துவார், அடுத்த பலகைக்குப் போய்விடுவார். அந்த இருபத்தைந்து பேரில் பத்து வயது பிக்ரியாவும் ஒருத்தி.

பிக்ரியாவின் துணி அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் லாமாராவின் படம் ஒட்டியிருந்தது. காலையில் சட்டையை எடுக்கும்போதெல்லாம் அவர் முகத்தில்தான் விழிப்பாள்.

லாமாரா வாசலுக்கு வரும்போது பூங்கொத்துக் கொடுக்கும் வேலையும் அவளுக்கே கிடைத்தது. மன்றத்தை நடத்திய ஓத்தார் மாஸ்டர், நேராக நில், சிரி, பூவைக் கையில் கொடு, வேறு ஒன்றும் பேசாதே என்று சொல்லி வைத்திருந்தார்.

பிக்ரியா நேராக நின்றாள். சிரித்தாள். பூவை நீட்டினாள்.

லாமாரா காரின் பின்கதவைத் திறந்து இறங்கினார். சாம்பல் நிறக் கோட்டும் நெட்டையான உருவமுமாக நடந்து வந்தார். பூவைக்கூடப் பார்க்காமல், பிக்ரியாவையும் பார்க்காமல், நேரே உள்ளே போய்விட்டார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“பெரிய ஆளுங்கன்னா அப்படித்தான், நம்மள எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பின்னால் நின்ற கோச்சா சிரித்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. மன்றத்தில் பிக்ரியாவை அடிக்கடி தோற்கடிப்பவன். தோற்கடித்ததை அதைவிட அடிக்கடி சொல்லிக்காட்டுபவன்.

“பூவோட போட்டோவுக்கு நின்னியா? யாரும் எடுக்கலையே” என்றான்.

பிக்ரியா நீட்டிய கையை இறக்கினாள். பூவை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் படத்தைக் கிழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் கோச்சாவுக்கும் கிடைத்தது கடைசி இரண்டு பலகைகள். கூடத்தின் மூலையில், பெரிய தூணுக்குப் பின்னால், வெளிச்சம் சரியாக எட்டாத இடம். பலகைகளும் பழசு. கறுப்புக் காயும் கறுப்புக் கட்டமும் ஒரே நிறமாகத் தேய்ந்து போயிருந்தன.

ஆட்டம் தொடங்கியது.

லாமாரா ஆடுவதைப் பார்த்த கொஞ்ச நேரத்திலேயே பிக்ரியாவுக்குக் கோபம் மறந்துவிட்டது. மற்றவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள். லாமாரா கடைவீதியில் காய்கறி வாங்குகிறவர் போலச் சாதாரணமாக நடந்தார். பலகைக்கு முன் வருவார், எதிராளி காயை நகர்த்துவதைப் பார்ப்பார், ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பார், தன் காயை நகர்த்திவிட்டுப் போய்விடுவார். அவர் போன பிறகுதான் எதிராளிக்குத் தான் எந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறோம் என்று தெரியும்.

மூலைக்கு வந்தபோது மட்டும் அவர் நடை மெதுவானது. மிகவும் குனிந்து பார்த்தார்.

மூன்றாவது சுற்றில் அது நடந்தது. பிக்ரியாவின் சிப்பாய் ஒன்று கறுப்புக் கட்டத்தில் நின்றது. அதைத் தன் குதிரையால் வெட்டுவதற்காக லாமாரா கையை நீட்டினார். சிப்பாயைத் தூக்கப் போன விரல்கள் பக்கத்துக் கட்டத்தில் இறங்கின. அங்கே ஒன்றும் இல்லை. விரல்கள் வெறும் காற்றைப் பிடித்தன.

ஒரு கணம்தான். லாமாரா சட்டைக் கையைச் சரிசெய்வது போல விரலை மடக்கினார். பிறகு பலகையை மெல்லத் தடவி, சிப்பாயைக் கண்டுபிடித்து எடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிக்ரியாவுக்குச் சட்டென்று புரிந்தது. இவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அப்படியென்றால் வாசலில் நீட்டிய பூவும் தெரிந்திருக்காது. தானும் தெரிந்திருக்கமாட்டோம்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் சரியாகத் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு, யாருக்கும் காட்டிக்கொள்ளாமல், எல்லாப் பலகைகளிலும் ஆடிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த முறை லாமாரா வந்தபோது பிக்ரியா காயை நகர்த்திக்கொண்டே, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், காயையும் அது போகும் கட்டத்தையும் சேர்த்து, “குதிரை, எஃப் ஆறு” என்றாள்.

லாமாரா தலையை நிமிர்த்தினார். தன் காயை நகர்த்திவிட்டுப் போனார். இந்த முறை கை தடவவில்லை.

ஆனால் பக்கத்தில் இருந்தவனும் சும்மா இருக்கவில்லை. காற்றைப் பிடித்த விரல்களைக் கோச்சாவும் பார்த்திருந்தான். லாமாரா கூடத்தின் அந்தப் பக்கம் போனதும், அவன் தன் மந்திரியை ஒரு விரலால் மெதுவாக ஒரு கட்டம் தள்ளி வைத்தான்.

“ஏய், அதத் திருப்பி வை” என்று பிக்ரியா கிசுகிசுத்தாள்.

“எதை?”

“மந்திரிய. ஜி ஏழுலதான இருந்துச்சு?”

“அவங்களுக்கே தெரியல. உனக்கு என்ன?” என்றான் கோச்சா. “லாமாராவ ஜெயிச்சவன்னு ஊரே பேசும் பாரு. வேணும்னா எந்திரிச்சு சொல்லு, அவங்களுக்குக் கண்ணு தெரியலன்னு.”

கோச்சா திருட்டாட்டம் ஆடுகிறான் என்று எழுந்து சொல்லலாம். ஆனால் சொன்னால், லாமாரா ஏன் கவனிக்கவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். பிறகு ஊர் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். சொல்லாமல் இருந்தால் கோச்சாவைப் போல இன்னும் யார் யார் என்ன செய்வார்களோ.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“மாஸ்டர், பின்னாடி நிக்கறவங்களுக்குப் பலகையே தெரியல. பாவம், வந்ததுலேர்ந்து எங்க முதுகையே பாத்துட்டு இருக்காங்க. ஆடறவங்க எல்லாரும் என்ன ஆடறோம்னு சத்தமா சொல்லிட்டு ஆடினா என்ன?”

பின்னால் நெருக்கியடித்து நின்றிருந்த கூட்டம் உடனே தலையாட்டியது. ஒரு பெண், எங்கள் வீட்டுக்காரர் எதை வெட்டுகிறார், எதை வெட்டுக் கொடுக்கிறார் என்று ஒன்றுமே புரியவில்லை என்றாள். சொல்லட்டும், சொல்லட்டும் என்று பல குரல்கள் எழுந்தன. ஓத்தார் மாஸ்டர் தயங்கி லாமாராவைப் பார்த்தார்.

லாமாரா பிக்ரியா நின்ற பக்கமாகத் திரும்பினார். “நல்ல யோசனை. எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார்.

அதிலிருந்து கூடம் கலகலவென்று ஆகிவிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் ஆட்டத்தை உரக்கச் சொன்னார்கள். சிலர் போர்க்களத்தில் கட்டளை போடுவது போலச் சொன்னார்கள். லாமாராவும் தன் ஆட்டத்தைச் சொல்லிவிட்டே நகர்த்தினார். அவர் நடை வேகமானது. மூலைக்கு வரும்போதும் குனியவில்லை.

அப்போது மின்சாரம் போனது.

அந்த வருடங்களில் அது தினமும் போகும். யாரும் பதறவில்லை. ஆனால் குளிர்காலத்துச் சாயங்காலம் என்பதால் கூடம் சட்டென்று இருண்டுவிட்டது. ஓத்தார் மாஸ்டர் வருத்தத்தோடு, ஆட்டத்தை இதோடு நிறுத்திக்கொள்ளலாம், விருந்தாளியைச் சிரமப்படுத்தக் கூடாது என்றார். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

“எதுக்கு நிறுத்தணும்?” என்றார் லாமாரா.

எல்லாரும் நின்றார்கள்.

“மெழுகுவத்தி இருந்தா உங்க பலகைகிட்ட ஏத்தி வச்சுக்கோங்க. எனக்கு வேண்டாம். ஒரு நாற்காலி மட்டும் போடுங்க. நீங்க சொல்லுங்க, நான் சொல்றேன். என் காயையும் நீங்களே நகர்த்திடுங்க.”

மெழுகுவத்தி இல்லாமல் அந்த ஊரில் யாரும் வெளியே கிளம்புவதில்லை. கோட்டுப் பைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பலகைக்கு ஒன்றாக வரிசையாக எரிந்தன. கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டார்கள். லாமாரா அதில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்களை மூடிக்கொண்டார்.

முதல் பலகைக்காரர் தன் ஆட்டத்தைச் சொன்னார். லாமாரா பதில் சொன்னார். இரண்டாவது பலகை. பதில். மூன்றாவது பலகை. பதில்.

பிக்ரியா மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து பலகைகள். ஒவ்வொன்றிலும் எத்தனை காய்கள், எத்தனை கட்டங்கள். அத்தனையும் அந்த மூடிய கண்களுக்குள் வெளிச்சமாக இருந்தன. எந்தச் சிப்பாயும் இடம் மாறவில்லை. எந்தக் குதிரையும் வேறு பலகைக்குத் தாவவில்லை. ஒரு வீட்டுக்குள் எந்த அறையில் எந்தச் சாமான் இருக்கிறது என்று இருட்டிலும் தெரிந்து நடப்பவரைப் போல அவர் ஒவ்வொரு பலகைக்குள்ளும் போய் வந்தார். குழந்தைகள்கூட இருமவில்லை.

புட்டி மூடியை ராணியாக வைத்து ஆடியவர் தபால் அலுவலகத்து ஷால்வா. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் திணறிப் போனார்.

“மன்னிக்கணும் லாமாரா அம்மா. என் ராணி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல” என்றார்.

“ஏ அஞ்சுல இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும்” என்றார் லாமாரா.

கூடமே சிரித்தது. ஷால்வாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

முறை மூலைக்கு வந்தது. கோச்சா தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மந்திரி, ஹெச் ஆறுலேர்ந்து சி ஒண்ணு. கோட்டைய வெட்டறேன்.”

லாமாரா தலையை லேசாகச் சாய்த்தார்.

“தம்பி” என்றார் லாமாரா, கண்ணைத் திறக்காமல். “உன் மந்திரி ஜி ஏழுலதான இருக்கு. அங்கேர்ந்து சி ஒண்ணுக்கு வர முடியாதே.”

கோச்சாவின் கை மந்திரியின் மேலேயே நின்றது.

“கை தட்டி நகந்துருக்கும்” என்றார் லாமாரா அமைதியாக. “நெருக்கமான இடம். எனக்கே அங்க கை இடிச்சுது. திருப்பி வச்சுட்டு, மெதுவா யோசிச்சு வேற ஆடு. நான் காத்திருக்கேன்.”

கோச்சா மந்திரியை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன் காதுகள் சிவந்து தெரிந்தன. பிக்ரியா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்து ஒரு சிப்பாயை நகர்த்தினான்.

“அட, இது நல்ல ஆட்டம்” என்றார் லாமாரா. நிஜமாகவே நல்ல ஆட்டம்தான். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு நிறைய நேரம் பிடித்தது.

ஒவ்வொரு பலகையாக முடிந்தது. தோற்றவர்கள் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு, மற்றப் பலகைகளைச் சுற்றி வந்து நின்றார்கள். கடைசியில் ஒரே ஒரு வெளிச்சம் பாக்கி இருந்தது. அது பிக்ரியாவுடையது. அவள் தன் ராஜாவை அங்கும் இங்கும் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எங்கே போனாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் முன்னாலேயே போய்க் காத்திருந்தார். அவள் ராஜாவைப் படுக்க வைத்தாள்.

“தோத்துட்டேன்” என்று உரக்கச் சொன்னாள்.

கைதட்டல் ஓய வெகு நேரமானது.

பிறகு லாமாரா, தன்னை வாசல் வரை கொண்டு விடுவதற்கு அந்தக் கடைசிப் பலகைப் பெண் வரட்டும் என்று கேட்டார். பிக்ரியா கையைக் கொடுத்தாள். தாழ்வாரம் இருட்டாக இருந்தது.

“இங்க ஒரு படி இருக்கு” என்றாள் பிக்ரியா மெதுவாக. “இப்ப இன்னொண்ணு.”

“எப்ப தெரிஞ்சுது உனக்கு?” என்று லாமாரா கேட்டார்.

“நீங்க காத்தப் பிடிச்சப்போ.”

லாமாரா சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணில் புரை, வசந்தத்தில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றார். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்ததாகச் சொன்னார். தெரிந்தால், பாவம் ஓய்வு எடுக்கட்டும் என்று சொல்லிப் பலகைக்கு முன்னால் உட்காரவே விடமாட்டார்களாம்.

“நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“நீங்க சொல்லலையே. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?” என்றாள் பிக்ரியா.

லாமாரா நின்றார். பெரிய போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்குக் கை கொடுப்பது போல, நேராக நிமிர்ந்து நின்று, பிக்ரியாவுக்குக் கை கொடுத்தார். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது. கோப்பைகளைத் தூக்கிய கை என்று நினைத்ததும் பிக்ரியாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

கார் கிளம்பிப் போனது. தெருவோரத்தில் அப்பா வண்டியை நிறுத்திவிட்டுக் குளிரில் காலை உதறிக்கொண்டு நின்றிருந்தார். மகள் துள்ளிக் குதித்துக்கொண்டு வருவதைப் பார்த்து அவர் கண்கள் விரிந்தன.

“என்னடி கண்ணு, லாமாராவையே ஜெயிச்சுட்டியா?”

“இல்லப்பா, தோத்துட்டேன்” என்றாள் பிக்ரியா, ஊரிலேயே சந்தோஷமான குரலில்.